பிலிம் கெபாசிட்டரில் உள்ள கோட்டை நம்பலாமா?

பிலிம் கெபாசிட்டருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. எப்படித் திருப்பி வைத்தாலும் சர்க்யூட் வேலை செய்யும். அப்புறம் எதற்குத் திசை பார்க்கவேண்டும்? பாயைச் சுருட்டுவதுபோல, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் சுருட்டித்தான் பெரும்பாலான பிலிம் கெபாசிட்டர்களைச் செய்கிறார்கள். சுருட்டி முடிக்கும்போது ஒரு தகடு வெளிச்சுற்றில் நிற்கும், மற்றது அதற்குள் அடங்கிவிடும். அந்த வெளித்தகட்டின் கால் (அதோடு சேர்ந்த இணைப்புக் கம்பி) கிரவுண்டிலோ இம்பீடன்ஸ் (மாறுமின்சாரத்துக்கான தடை) குறைந்த இடத்திலோ இருந்தால், அருகில் ஓடும் மெயின்ஸ் வயரின் மின்புலம் உள்ளே நுழையாமல் அது போர்வைபோல மறைத்துக்கொள்ளும். திருப்பி வைத்தால் அதே தகடு ஆன்டெனாவாகி ஹம்மை (மெயின்ஸிலிருந்து வரும் உறுமலை) வாங்கி ஆம்பின் அடுத்த நிலைக்கு அனுப்பும்.

புதிதாக வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் சாதனம்) கட்டுகிறவர்கள் முதலில் சறுக்குவது கெபாசிட்டரின் உடலில் அச்சடித்திருக்கும் கோட்டில்தான். பிளஸ், மைனஸ் உள்ள எலக்ட்ரோலிட்டிக் என்ற கெபாசிட்டர் வகையில் கோடு போட்ட பக்கம் மைனஸ். அதே பழக்கத்தில் பிலிம் கெபாசிட்டரின் கோட்டையும் மைனஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. எலக்ட்ரோலிட்டிக்கைத் திருப்பி வைத்தால் சூடாகி வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. பிலிம் கெபாசிட்டரைத் திருப்பி வைத்தால் அதிகபட்சம் இரைச்சல் கூடும், அவ்வளவுதான்.

அடுத்தது, கோடு வெளித்தகட்டைத்தான் காட்டுகிறது என்று நம்பிவிடுவது. மெழுகுக் காகித கெபாசிட்டர் காலத்தில் அப்படித்தான் இருந்தது. கோடு போட்ட பக்கம் வெளித்தகடு என்பது வழக்கம். இன்று வரும் பலவற்றில் கோடே இல்லை, சிலவற்றில் இருந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. எழுத்து எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதையும் கணக்கில் எடுக்கமுடியாது. ஒரு ப்ரீஆம்புக்காக நான் வாங்கிய ஆறு கெபாசிட்டர்களிலும் கோடு இருந்தது. ஆறையும் ஒரே திசையில் வரிசையாக வைத்து சால்டர் செய்தேன். ஹம் போகவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, மின்னலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது நாலு ஒரு பக்கமும் இரண்டு மறுபக்கமுமாக இருந்தன. ஒரே பையிலிருந்து எடுத்தவை அவை. அன்றிலிருந்து ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு மற்றவற்றையும் அப்படியே வைப்பதை விட்டுவிட்டேன்.

சோதனை சுலபம்தான், ஆனால் தவறுகள் நுழைய இடம் நிறைய. கெபாசிட்டரைச் சர்க்யூட்டிலிருந்து கழற்றியாகவேண்டும். வால்வு சாதனத்தில் இருந்ததென்றால் அதில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக முழுக்க டிஸ்சார்ஜ் செய்தபிறகே ஸ்கோப்பின் ப்ரோப்பில் மாட்டுங்கள். ஒரு காலில் ப்ரோப் முனை, இன்னொரு காலில் கிரவுண்ட் கிளிப். ப்ரோப் 1 மடங்கு நிலையில் இருக்கட்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: 10 மடங்கு நிலையில் வைத்தால் சிக்னல் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும், பிறகு இரண்டு திசையும் ஒன்றுபோலத்தான் தெரியும். செங்குத்து அளவைக் கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட் அளவுக்குக் கொண்டுவாருங்கள், நேர அளவை 5 மில்லிசெகண்டுக்கு. டிரிகரை மெயின்ஸ் லைனுக்கு மாற்றினால் அலை ஓடாமல் நிற்கும்.

இப்போது கெபாசிட்டரின் உடலை இரண்டு விரலால் பிடியுங்கள். கால்களைத் தொடக்கூடாது. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் உள்ள இடமென்றால் திரையில் நாலு கட்டத்துக்கு ஒரு அலை எழும். அதன் உயரத்தைப் பார்த்துக்கொண்டு, கால்களை மட்டும் மாற்றி மாட்டி, மறுபடியும் அதே மாதிரி பிடியுங்கள். ஒரு திசையில் அலை மூன்று கட்டம் உயர்ந்து நிற்கும், இன்னொன்றில் தடித்த கோடாகப் படுத்துவிடும். படுத்துவிட்ட நிலையில் கிரவுண்ட் கிளிப் எந்தக் காலில் இருக்கிறதோ அதுதான் வெளித்தகட்டின் கால். ப்ரோப் முனையில் இருக்கும் கால் அல்ல! நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். கிளிப்பை எடுக்கும் முன்பே அழியாத மார்க்கரால் அந்தக் காலின் பக்கம் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கழற்றி மேசையில் வைத்துவிட்டால் எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும்.

1 மைக்ரோஃபாரட், அதற்கு மேல் என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கெபாசிட்டன்ஸ் கூடக்கூட விரலிலிருந்து வரும் சிக்னல் அதற்குள்ளேயே அமுங்கிவிடும். அப்போது உடலைச் சுற்றி அலுமினியத் தாளைக் கால்களில் படாமல் சுற்றி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ், 10 வோல்ட் அளவில் அந்தத் தாளுக்குக் கொடுங்கள். ஜெனரேட்டரின் கிரவுண்டை ஸ்கோப் கிரவுண்டோடு சேருங்கள். விரல் அழுத்தம் மாறுகிறதே என்ற கவலையும் இதில் இல்லை. மெயின்ஸ் வயரை வெட்டியோ சீவியோ சிக்னல் எடுக்க யாரும் முயலவேண்டாம்.

திசை தெரிந்துவிட்டது, எங்கே எப்படி வைப்பது? ஒரு கால் கிரவுண்டுக்குப் போகிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், வெளித்தகடு கிரவுண்டுக்கு. ஃபீட்பேக் கெபாசிட்டரென்றால் (அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திருப்பி அனுப்புவது) வெளித்தகடு அவுட்புட் பக்கம். இரண்டு நிலைகளை இணைக்கும் கப்ளிங் கெபாசிட்டரில்தான் தவறு நடக்கிறது. வால்வின் பிளேட்டில் (சிக்னல் வெளிவரும் முனையில்) 200 வோல்ட் இருக்கிறதே, வெளித்தகடு அங்கே இருந்தால் ஆபத்தில்லையா என்று பயந்து அடுத்த வால்வின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) பக்கம் திருப்பி வைக்கிறார்கள். உடலுக்கு மேலே இன்சுலேஷன் இருக்கிறது, பயப்படவேண்டாம். பார்க்கவேண்டியது வோல்டேஜை அல்ல, இம்பீடன்ஸை.

ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வை எடுத்துக்கொள்வோம். பிளேட் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், கேத்தோடு பைபாஸ் செய்யப்பட்டது (அதன் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு கெபாசிட்டர் போட்டது). பிளேட் பக்கத்து இம்பீடன்ஸ் சுமார் 38 கிலோ ஓம். அடுத்த கிரிட்டில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர். நடுவே 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை 145 கிலோ ஓம் அளவு. ஆக கிரிட் பக்கம் நின்று பார்த்தால் சுமார் 140 கிலோ ஓம், பிளேட் பக்கம் 38. திருப்பி வைத்தால் அதே மின்புலம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஹம்மைக் கிரிட்டில் ஏற்றும். அதனால் வெளித்தகடு பிளேட்டுக்கு. ஃப்ரீக்வென்சி ஏற ஏற கெபாசிட்டரின் தடை குறைந்து இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும் என்பதால், இந்தப் பலன் ஹம் போன்ற கீழ் ஃப்ரீக்வென்சிகளில்தான். தொனி மாறும், மேல் ஸ்தாயி தெளிவாகும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

எல்லா இடத்திலும் இதற்காக மெனக்கெடவும் வேண்டாம். ஒலியைப் பிரித்து வெவ்வேறு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கிராஸ்ஓவரில் இம்பீடன்ஸ் சில ஓம்தான், எப்படி வைத்தாலும் காதுக்குத் தெரியாது. சுருட்டாமல் அடுக்கிச் செய்த பிலிம் கெபாசிட்டர்களுக்கும் செராமிக்குக்கும் வெளித்தகடு என்ற பேச்சே இல்லை. முதல் நிலையில், சிக்னல் சிறியதாகவும் இம்பீடன்ஸ் பெரியதாகவும் இருக்கும் இடங்களில் நேரத்தைச் செலவிடுங்கள்.

ஹம் வந்தவுடன் கெபாசிட்டரின் திசைமேல் பழியைப் போடுவதும் தவறு. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் முழு அலை ரெக்டிஃபையர் இருக்கும் சாதனம் 100 ஹெர்ட்ஸில் உறுமினால் பவர் சப்ளை ஃபில்டரை முதலில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயர் முறுக்கியிருக்கிறதா, கிரவுண்ட் லூப் இருக்கிறதா, கிரிட் வயர் நீளமாகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கெபாசிட்டருக்கு வரலாம்.

சால்டர் வைக்கும்போது எல்லா எழுத்தும் ஒரே பக்கம் நேராகத் தெரியவேண்டும் என்று அழகுக்காகத் திருப்பிவிடாதீர்கள். நீங்கள் வைத்த புள்ளி மேலே தெரியட்டும். நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கும் எது வெளித்தகடு என்று மறுபடி கழற்றாமலே தெரியும்.