பூச்சி மாத்திரையா, சத்து மாத்திரையா? வளரும் பிள்ளைகளின் ரத்தசோகையில் நடக்கும் தவறுகள்

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்கிறாள். "இனிப்பா தின்னா இப்படித்தான். வயித்துல பூச்சி இருக்கு, சத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிடுது" என்று வீட்டில் ஒரு குரல் வரும். பூச்சி இருக்கலாம் என்பது சரி. இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சத்தை உறிஞ்சுகிறது என்பது பெரும்பாலும் தவறு. சிகிச்சையில் நடக்கும் பல குளறுபடிகள் இந்தக் கடைசித் தவறிலிருந்துதான் வருகின்றன.

இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கும், அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் புழு காரணமல்ல. ஆனால் எந்தப் புழு, அது என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் எண் ஏறாது.

இரும்புச்சத்து விஷயத்தில் நம் ஊரில் முக்கியமான எதிரி கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். நாம் தின்னும் சோற்றில் பங்குக்கு வராது. சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு சுரப்பையும் விடும். அதனால் அது இடம் மாறிய பிறகும் பழைய காயம் கசிந்துகொண்டே இருக்கும்.

தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெகேட்டர் வகையில் ஒரு புழு நாளைக்கு எடுப்பது ஏறக்குறைய 0.03 மில்லி ரத்தம். ஒன்றுமில்லை போலத் தோன்றும். நூறு புழு இருந்தால் 3 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு; ஆக, தினம் ஒன்றரை மில்லிகிராம் குடலுக்குள் கசிகிறது. அதில் கொஞ்சத்தை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும், மீதி போய்விடும். வளரும் பிள்ளையின் குடல் ஒரு நாளில் உணவிலிருந்து எடுத்துச் சேர்ப்பதே ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான். பெண்ணுக்கு மாதவிடாயில் மாதம் 15-20 மில்லிகிராம் இரும்பு தனியாகப் போகிறது. வரவு செலவைக் கூட்டிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

ஆக இங்கே நடப்பது உறிஞ்சும் கோளாறு அல்ல, கசிவு. சொல்லப்போனால் இரும்பு குறையும்போது குடல் வழக்கத்தைவிட அதிகமாகவே இரும்பை எடுத்துக்கொள்ளும். கீழே ஓட்டை விழுந்த தொட்டிக்கு மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிட்டு என்ன பயன்?

இதிலிருந்து இரண்டு தவறுகள், ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. புழுவைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் சத்து மாத்திரையை மட்டும் கொடுப்பது ஒன்று. பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டோம், இனி ரத்தம் தானாக ஊறிவிடும் என்று விட்டுவிடுவது மற்றொன்று. பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் புழுவைத்தான் வெளியேற்றும். போன இரும்பைத் திருப்பித் தராது. ஏற்கெனவே சோகை உள்ள பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் இரும்பு தொடரவேண்டும், உடலின் கையிருப்பு நிறைவதற்காக. "பன்னிரண்டு வந்தாச்சு, நிறுத்திடு" என்பது பொதுவாகக் கேட்கும் பேச்சு. அவசரப்படாதீர்கள்.

சரி, உறிஞ்சுதலே கெடுவதில்லையா என்றால், கெடும். ஆனால் அதற்குக் காரணம் வேறு ஆட்கள். ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி சிறுகுடலின் தொடக்கப் பகுதியில், அதாவது இரும்பு அதிகம் உள்ளே போகும் அதே இடத்தில், ஒட்டிக்கொண்டு குடலின் மேற்பரப்பைச் சிதைக்கிறது. வயிற்றுப் பொருமல், புளித்த ஏப்பம், எண்ணெய்ப் பசையோடு கெட்ட நாற்றமடிக்கும் மலம், எடை ஏறாத உடம்பு. பள்ளியில் தரும் ஒற்றை மாத்திரையை நம்பி இதை விடமுடியாது. இதற்கு வேறு மருந்து, வேறு அளவு. "போன மாசம்தான் பூச்சி மாத்திரை கொடுத்தோமே" என்று இதைத் தள்ளிப்போடுவது பெரிய பிழை.

இன்னொரு தடை காய்ச்சல். மலேரியா போன்ற தொற்று வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் கதவைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் இரும்பு மாத்திரை விழுங்கினால் வயிற்றெரிச்சல்தான் மிச்சமாகும். அதே நாட்களில், இரும்புக் கையிருப்பை அளக்கும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்தால், கையிருப்பு காலியாக இருந்தாலும் எண் நன்றாக இருப்பதுபோல் காட்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வழக்கமான 15 என்ற எல்லைக்குப் பதில், தொற்றோ அழற்சியோ இருந்தால் 70-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகியிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். காய்ச்சல் போன பின் எடுத்ததா என்று கேளுங்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பதில் நடக்கும் கோளாறு தனிக்கதை. கன்னத்தில் வெள்ளைத் திட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, இரண்டும் புழுவுக்கு அடையாளமல்ல. இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் பெரும்பாலும் கீரிப்பூச்சி. தொந்தரவான ஜென்மம், ஆனால் ரத்தசோகைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. மலத்தில் எதுவும் தெரியவில்லை, அதனால் பூச்சி இல்லை என்பதும் செல்லாது. கொக்கிப்புழு குடலை விட்டு இறங்கி வந்து முகம் காட்டாது. முட்டையை நுண்ணோக்கியில்தான் பார்க்கமுடியும். அந்த முட்டையும் சீக்கிரம் சிதைந்துவிடும். காலையில் எடுத்த மலத்தைச் சாயங்காலம் லேபில் கொடுத்து 'இல்லை' என்று வாங்கிவருவதில் அர்த்தமில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் கவனியுங்கள். சமையலறை டப்பாவிலிருந்து பச்சரிசியை அள்ளி மெல்லுவது, பலப்பம், சாம்பல், திருநீறு தின்பது. வீட்டில் அடி விழும், கேலி நடக்கும். உண்மையில் அது இரும்புக் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். திட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

அடுத்தது காலில் வரும் அரிப்பு. ஈரமண்ணில் செருப்பில்லாமல் நடந்த பின் பாதத்திலோ விரலிடுக்கிலோ சிவந்த கொப்புளங்களோடு அரித்தால் சேற்றுப்புண் என்று மஞ்சளைப் பூசிவிடுகிறோம். கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போன தடமாகவும் அது இருக்கலாம். இந்த வழியைக் கண்டவர் கெய்ரோவில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர்; இளம்புழுக்கள் இருந்த தண்ணீர் தற்செயலாகக் கையில் சிந்தி, அரிப்பு கண்டு, பிற்பாடு தன் மலத்திலேயே முட்டையைப் பார்த்தார். கையைக் கழுவிச் சாப்பிடுவது மற்றப் புழுக்களுக்கு நல்ல காப்பு. இதற்குச் செருப்பும் கழிப்பறையும் வேண்டும்.

அதனால்தான் பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதாது. உருண்டைப்புழு சிறுவர்களிடம் அதிகம். கொக்கிப்புழு பெரியவர்களிடமும் தாராளமாக இருக்கும். வீட்டில் கழிப்பறை இருந்தும் தாத்தா வாழைத்தோட்டப் பக்கம் ஒதுங்குகிறார் என்றால், பேத்தி அதே வரப்பில் வெறுங்காலோடு நடக்கும்போது கணக்கு மறுபடி தொடங்கும். ஊரில் எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்தால் பரவல் நிற்குமா என்று தமிழ்நாட்டில் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பெரிய ஆய்வே நடத்தினார்கள்.

பள்ளியில் பிப்ரவரி, ஆகஸ்டில் தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோலை மென்று தின்னவேண்டும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து மறந்துவிடக் கூடாது. அன்று வராதவர்களுக்கு இன்னொரு நாள் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை தரும் நீலநிறச் சத்து மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும், அதனால் சாப்பாட்டுக்குப் பின். டீயோடு மட்டும் வேண்டாம். ஒரு மணிநேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம்தான். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். ஏழு கிராமில் நிற்கும் பிள்ளையைக் கீரையால் தூக்க முடியாது.

மருத்துவர் எழுதிய இரும்பை ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு மாதம் ஆனதும் மறுபடி பாருங்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரையை இரண்டு மடங்காக்காதீர்கள். மாதவிடாய் அதிகமா, ஜியார்டியாவா, இரைப்பையில் தங்கும் எச். பைலோரி கிருமியா, பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.