கடல் ஏறி வந்த ஊருக்குச் சில மாதம் கழித்துப் போகிறீர்களா?

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எங்கள் கடலூரில் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் எல்லாம் கடல் புகுந்துவிட்டது. முதல் சில வாரம் உதவ வந்தவர்களே அதிகம். மூன்று நான்கு மாதம் ஆனபிறகு சும்மா பார்க்க வருகிறவர்களும் வரத் தொடங்கினார்கள். இப்போது ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், 2024 ஜனவரி 1 அன்று 7.6 அளவு நிலநடுக்கம் கண்ட நோட்டோ தீபகற்பத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எங்கள் ஊரில் நான் பார்த்த சில தவறுகளை அங்கே போய்ச் செய்ய வேண்டாம்.

முதல் தவறு, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் திரும்புவது. "பாவம், அவர்களுக்குச் சிரமம் தரக் கூடாது" என்று புளிசோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு வந்து, காரிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. சுனாமிக்குப் பிறகு, மீன் பிணத்தைத் தின்றிருக்கும் என்று ஒரு பேச்சு பரவியது. என் அம்மாவே பல வாரம் மீன் வாங்கவில்லை. கூடைக்கார அக்கா வாசலில் கூடையை இறக்குவார், கொஞ்சம் நிற்பார், பிறகு தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போவார். கடன் வாங்கி வலையைச் சரிபண்ணிக் கடலுக்குப் போனவர்களின் மீன் அது. இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. நோட்டோவில் வாஜிமா நகரின் காலைச் சந்தை இருந்த தெரு, நிலநடுக்கத்தில் பற்றிய தீயில் அழிந்தது. அந்த வியாபாரிகள் அதே ஆண்டு மார்ச் மாதமே கனசாவா நகரில் கடை போட்டார்கள். கருவாடு விற்றால் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது பழைய துணி. லாரி லாரியாக வந்து, உடுத்த முடியாமல் சாலையோரம் குவிந்து கிடந்ததை இங்கே எல்லாரும் பார்த்தோம். மாதங்கள் போனபிறகு தேவைப்படுவது வலை, என்ஜின், பிள்ளைகளின் படிப்புச் செலவு. கேட்காமல் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் கேள்விகள். "உங்க வீட்டில் எத்தனை பேர் போனாங்க?" என்று நேராகக் கேட்பார்கள். அதிகாரி, நிருபர், தொண்டு நிறுவனம் என்று எத்தனையோ பேரிடம் சொல்லி முடித்த ஒரு தாய், உங்களுக்காக இன்னொரு முறை சொல்ல வேண்டுமா? அவர்களாகப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள். படம் எடுப்பதும் அப்படித்தான். தற்காலிகக் கொட்டகைகளுக்குத் தார் ஷீட் கூரை; வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது, அதனால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். உள்ளே ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. 2005 மார்ச் 28 அன்று, மூன்றே மாதத்தில், சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவருகே 8.6 அளவில் மறுபடி அதிர்ந்தது. ராத்திரி நேரம். இங்கே கரையோரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடினார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை. நோட்டோவில் 2024 செப்டம்பரில் கனமழை கொட்டி, தற்காலிக வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதனால் போய் இறங்கியதும் மேட்டுக்குப் போகும் வழி எது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாலை திறந்திருக்கிறதா என்று அன்றைக்கே விசாரியுங்கள். விரிசல் விட்ட கட்டடத்துக்குள் நுழைய வேண்டாம், பழகிய கடல் என்று இறங்கவும் வேண்டாம். நோட்டோவில் சில இடங்களில் நிலநடுக்கத்தால் கரையே 4 மீட்டர் வரை உயர்ந்துவிட்டது, பழைய ஆழம் இப்போது இல்லை.

கடைசியாக, நாள் பார்த்துப் போங்கள். எங்கள் கரையில் டிசம்பர் 26 காலை கடலில் பால் ஊற்றி, பூப்போட்டு அழுவார்கள். அன்று வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நில்லுங்கள், போன் பையிலேயே இருக்கட்டும். மீன் வாங்க மறுநாள் வாருங்கள்.