வாஷிங்டன் கவுண்டி என்றால், எந்த வாஷிங்டன் கவுண்டி?

போன மாதம் ஒரு தம்பி தன் அட்டவணையை எனக்கு அனுப்பினார். ஒரே பெயர் கொண்ட அமெரிக்கக் கவுண்டிகளை (ஒரு மாநிலத்துக்குள் வரும் நிர்வாகப் பிரிவுகள்) தொகுத்து, எது எப்போது உருவானது, யார் நினைவாக உருவானது என்று எழுதும் ஆசை அவருக்கு. மூன்றாவது வரியில் ‘வாஷிங்டன், வட கரோலினா, 1777, தலைமையிடம் பிளிமத்’ என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் நோட்டிலும் இதே வரி இருந்தது.

மாநிலப் பெயரைச் சேர்த்து எழுதுங்கள், ஊரையும் கவுண்டியையும் குழப்பாதீர்கள், லூசியானாவில் அதற்குப் பாரிஷ் என்று பெயர் என்பதெல்லாம் ஒரு வாரம் இதில் உட்கார்ந்தால் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகும் விழும் தப்புகளைத்தான் சொல்கிறேன்.

பிரபலமானவர் தலையில் கட்டுவது

லிங்கன் என்றதும் ஜனாதிபதி என்று எழுதிவிடுகிறார்கள். வட கரோலினாவின் லிங்கன் கவுண்டி 1779-இல் உருவானது, கென்டக்கியுடையது 1780-இல், ஜார்ஜியாவுடையது 1796-இல். ஆப்ரகாம் லிங்கன் பிறந்ததே 1809-இல்தான். இந்த மூன்றும் விடுதலைப் போர்த் தளபதி பெஞ்சமின் லிங்கனின் பெயர். மேய்ன் மாநிலத்தின் லிங்கன் இன்னும் பழையது, 1760. அது இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தை நினைத்து வைத்த பெயர். மேற்கு வர்ஜீனியா (1867), நியூ மெக்சிகோ (1869) என்று வரும்போதுதான் ஜனாதிபதி உள்ளே நுழைகிறார்.

ஆண்டைப் பார்த்தால் போதுமே என்று கேட்கலாம். எப்போதும் போதாது. அலபாமாவின் ஹூஸ்டன் கவுண்டி 1903-இல் வந்தது. டெக்சஸ் புகழ் சாம் ஹூஸ்டன் அதற்கு நாற்பது வருடம் முன்பே இறந்துவிட்டார், ஆகவே ஆண்டுக் கணக்கு அவரைத் தடுக்காது. ஆனால் அந்தப் பெயர் அலபாமாவின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஹூஸ்டனுடையது. ஜார்ஜியாவின் கவுண்டி (1821) இன்னொரு ஆளுநரான ஜான் ஹூஸ்டனுடையது. உள்ளூரில் அதை ‘ஹவுஸ்டன்’ என்றுதான் சொல்வார்கள். தமிழில் எழுதும் நமக்கு இதில் ஒரு சௌகரியம்: உச்சரிப்பை ஒட்டி எழுதினாலே ஆள் வேறு என்று கண்ணில் பட்டுவிடும்.

சிலசமயம் ஒரே இடத்துக்குள்ளேயே இரண்டு பேர் இருப்பார்கள். அலபாமாவின் மான்ட்கோமரி கவுண்டி (1816), 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் இறந்த லெமுவேல் மான்ட்கோமரியின் பெயர். அதற்குள் இருக்கும் மான்ட்கோமரி நகரம் (1819), 1775-இல் கியூபெக்கில் இறந்த ரிச்சர்ட் மான்ட்கோமரியின் பெயர்.

மாநிலத்தை எழுதிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பது

என் பணத்தையும் நான்கு மாதத்தையும் தின்றது இதுதான்.

அலுவலக நண்பர் ஒருவரின் மூதாதையர் எழுதிக்கொடுத்த நிலப் பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்தது. ஆண்டு 1782. தலைப்பில் தெளிவாக ‘வட கரோலினா மாநிலம், வாஷிங்டன் கவுண்டி’ என்று இருந்தது. மாநிலமும் இருக்கிறது, கவுண்டியும் இருக்கிறது, இனி என்ன கவலை என்று வரைபடத்தைத் திறந்தேன். மாநிலத்தின் கிழக்குக் கோடியில், ஆல்பமார்ல் வளைகுடாவின் ஓரத்தில் வாஷிங்டன் கவுண்டி, அதன் தலைமையிடம் பிளிமத். சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தக் கவுண்டி 1799-இல் டிரெல் கவுண்டியைப் பிரித்து உருவானது என்று போன பிறகுதான் தெரிந்தது. பத்திரமோ பதினேழு வருடம் முந்தியது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத்தான் விதி தெரியுமே! கவுண்டி உருவாகும் முன்பான ஆவணம் தாய்க் கவுண்டியில் இருக்கும் என்பது இந்த வேலையில் எல்லோரும் கற்கும் முதல் பாடம். அப்புறம் என்ன, நான்கு மாதம் டிரெல் கவுண்டிப் பதிவுகளைக் காசு கொடுத்துத் தேட வைத்தேன், நகல் எடுக்க வைத்தேன், இரவெல்லாம் படித்தேன். நண்பரின் குடும்பப் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. இல்லாத ஒரு கவுண்டியின் பெயர் எப்படி 1782 பத்திரத்தின் தலைப்பில் வரும் என்ற சின்னக் கேள்வியை மட்டும் நான் கேட்கவே இல்லை. அரைகுறை அறிவு முழு முட்டாள்தனத்தைவிடச் செலவு வைக்கும் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

நடந்தது இதுதான். இன்றைய டென்னசியின் கிழக்கு மூலையில், வட்டாகா ஆற்றங்கரையில் குடியேறியவர்கள் தங்கள் பகுதிக்கு ‘வாஷிங்டன் டிஸ்ட்ரிக்ட்’ என்று பெயர் வைத்து, தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி 1776-இல் வட கரோலினாவிடம் மனுச் செய்தார்கள். 1777-இல் அது வாஷிங்டன் கவுண்டி ஆனது. காகிதத்தில் அதன் எல்லை மேற்கே மிசிசிப்பி ஆறுவரை போனது, ஏறக்குறைய இன்றைய டென்னசி முழுவதும்! அதன் தலைமையிடம் ஜோன்ஸ்பரோ. வட கரோலினா தன் மேற்கு நிலத்தை 1789-இல் மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தது. 1796-இல் டென்னசி தனி மாநிலம் ஆனது, வாஷிங்டன் கவுண்டியும் அதோடு போய்விட்டது. பெயர் காலியானதும் வட கரோலினா 1799-இல் கடலோரத்தில் ஒரு புதுக் கவுண்டிக்கு அதையே வைத்துக்கொண்டது. ஒரே மாநிலம், ஒரே பெயர், நடுவில் ஒரு மலைத்தொடரும் இருபத்திரண்டு வருடங்களும்.

இது ஒருமுறை நடந்த விபத்து என்றால் மன்னித்துவிடலாம். அப்போது கைவிட்டுப் போன கவுண்டிகள் ஏழு. அவற்றில் மூன்றின் பெயரை வட கரோலினா மறுபடி எடுத்திருக்கிறது. 1783-இல் உருவான கிரீன் டென்னசிக்குப் போனது, 1799-இல் வட கரோலினாவில் வேறு ஒரு கிரீன் வந்தது. (அதற்கு முன் அதன் பெயர் கிளாஸ்கோ. அந்தப் பெயருக்குரிய ஜேம்ஸ் கிளாஸ்கோ நில மோசடியில் சிக்கியதால் பெயரைத் தூக்கினார்கள்.) நாஷ்வில் இருக்கும் டேவிட்சனும் 1783-இல் பிறந்து அப்படியே போனது, 1822-இல் வட கரோலினாவில் இன்னொரு டேவிட்சன். இதில் இன்னும் மோசம் என்னவென்றால் நினைக்கப்படும் ஆளும் அதே ஆள். ஆகவே ‘யார் நினைவாக’ என்ற கட்டத்தை வைத்தும் பிரித்துவிட முடியாது.

போதாக்குறைக்கு, அன்றைய வாஷிங்டனுக்கு வடக்கே எல்லையை ஒட்டி வர்ஜீனியாவிலும் ஒரு வாஷிங்டன் கவுண்டி இருந்தது. ஃபின்காசில் என்ற கவுண்டியை உடைத்து 1776 டிசம்பரில் சட்டம் போட்டு உருவாக்கியது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போகிறது என்று சரியாக அளக்காததால், வர்ஜீனியாவில் இருப்பதாக நம்பி வட கரோலினாவில் வாழ்ந்தவர்கள் உண்டு. 1780 அக்டோபரில் கிங்ஸ் மவுண்டன் சண்டைக்குப் போனவர்களில் வில்லியம் கேம்பலின் ஆட்கள் வர்ஜீனியா வாஷிங்டன்காரர்கள், ஜான் செவியரின் ஆட்கள் வட கரோலினா வாஷிங்டன்காரர்கள். ‘வாஷிங்டன் கவுண்டிப் படை’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது பத்திரத்திலேயே இருந்த ஒரு ஆற்றின் பெயர், நோலிச்சக்கி. கடலோரத்து ஓடை ஏதோ ஒன்று என்று நான் தாண்டிப் போயிருந்தேன். அது டென்னசியில் ஓடும் ஆறு.

இப்போதெல்லாம் என் அட்டவணையில் மாநிலத்துக்கு இரண்டு கட்டம்: கவுண்டியை உருவாக்கிய அரசு எது, இன்று அது எந்த மாநிலத்தில் இருக்கிறது. கென்டக்கியின் லிங்கனை உருவாக்கியது வர்ஜீனியா. சிகாகோ நியூபெரி நூலகம் தொகுத்த பழைய கவுண்டி எல்லை வரைபடத்தில் தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லை தெரியும். தேடத் தொடங்கும் முன் அதைத் திறங்கள். கவுண்டிகளுக்கான ஐந்து இலக்க எண் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு கேள்வி. டென்னசி வாஷிங்டன் 47179, வட கரோலினா வாஷிங்டன் 37187. அந்த 1782 பத்திரத்தில் எதைப் போடுவீர்கள்? எண்கள் இன்றைய வரைபடத்துக்கானவை.

‘மாவட்டம்’ என்று மொழிபெயர்ப்பது

கவுண்டியை ‘மாவட்டம்’ என்று எழுதினால், வாஷிங்டன் டிஸ்ட்ரிக்ட்டை என்ன செய்வீர்கள்? கவுண்டியைக் கவுண்டி என்றே எழுதுங்கள்.

செத்துப்போன கவுண்டிகளை விட்டுவிடுவது

இன்றைய பட்டியலில் டிரையான் கவுண்டி என்று ஒன்றுகூட இல்லை. அன்று இரண்டு இருந்தன. வில்லியம் டிரையான் முதலில் வட கரோலினாவின் ஆளுநர், பிறகு நியூயார்க்கின் ஆளுநர். போன இடத்தில் எல்லாம் அவர் பெயரில் ஒரு கவுண்டி. விடுதலைப் போர் வந்ததும் ராஜாவின் ஆள் பெயர் கசந்துவிட்டது. வட கரோலினா 1779-இல் தன் டிரையானை லிங்கன், ரதர்ஃபோர்டு என்று உடைத்தது. நியூயார்க் 1784-இல் தன்னுடையதை மான்ட்கோமரி என்று மாற்றியது, கூடவே சார்லட் கவுண்டியை வாஷிங்டன் என்றும் ஆக்கியது. பெயர் மாற்றத்தைப் பிறப்பாக எழுதினால் நியூயார்க் வாஷிங்டனுக்குப் பன்னிரண்டு வயது குறைந்துவிடும்.

உருவான ஆண்டு

சட்டம் நிறைவேறிய நாள் வேறு, கவுண்டி நிர்வாகம் தொடங்கிய நாள் வேறு. இரண்டையும் குறியுங்கள்.

ஆரஞ்சு

ஆரஞ்சு கவுண்டி கலிஃபோர்னியாவில் பழத்தின் பெயர். நியூயார்க்கில் ‘ஆரஞ்சு’ என்ற பட்டம் கொண்ட இளவரசரின் பெயர்.

பெயர் மாறவில்லை, ஆகவே ஆளும் மாறவில்லை என்பது

சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டி, 1852-இல் துணை ஜனாதிபதியாகத் தேர்வான வில்லியம் ரூஃபஸ் கிங்கின் பெயரில் அதே ஆண்டு உருவானது. 1986-இல் கவுண்டி மன்றம் அது இனி மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கும் என்று தீர்மானித்தது, 2005-இல் மாநிலச் சட்டமும் வந்தது. அயோவாவின் ஜான்சன் கவுண்டியும் 2021-இல் துணை ஜனாதிபதி ரிச்சர்ட் ஜான்சனை விட்டு, வரலாற்றுப் பேராசிரியர் லூலு மெர்ல் ஜான்சனுக்கு மாறியது. பலகையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டு ஆளையும் இரண்டு தேதியோடு எழுதுங்கள்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் ஒரு மணி நேரம் போனில் சொன்னேன். “புரிஞ்சுது அண்ணா” என்றார். நேற்று திருத்திய அட்டவணை வந்தது. வாஷிங்டன் அழகாக இரண்டு வரியாகப் பிரிந்திருக்கிறது, கிரீனும்கூட. டேவிட்சன் மட்டும் ஒரே வரி: வட கரோலினா, 1783.