எக்ஸ்பாத்தில் சதுர அடைப்பை எங்கே போடுவது?

எக்ஸ்பாத் (தரவை டேக்குகளுக்குள் எழுதிவைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து வேண்டியதை எடுக்கும் மொழி) எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிற பெரும்பாலானோருக்குப் பாதை எழுதத் தெரியும். சாய்கோடு போட்டு உள்ளே உள்ளே போவது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். சிக்கல் வருவது சதுர அடைப்பில், அதாவது நிபந்தனை எழுதும் [ ] குறியில். அதனால் பாதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு அங்கே போகிறேன்.

எக்ஸ்எம்எல்லில் டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், எக்ஸ்பாத்தும் அவற்றை அப்படியே ஏற்கும். வானிலை அளவீட்டுக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

<பதிவேடு>
  <நிலையம் எண்="4" முறை="தானியங்கி">
    <அளவீடு வகை="மழை">62.5</அளவீடு>
    <அளவீடு வகை="வெப்பம்">31</அளவீடு>
  </நிலையம்>
  <நிலையம் எண்="9">
    <அளவீடு வகை="மழை">8</அளவீடு>
    <அளவீடு வகை="ஈரப்பதம்">78</அளவீடு>
  </நிலையம்>
  <நிலையம் எண்="12" முறை="கைமுறை">
    <அளவீடு வகை="வெப்பம்">29</அளவீடு>
    <அளவீடு வகை="மழை"></அளவீடு>
  </நிலையம்>
</பதிவேடு>

/பதிவேடு/நிலையம் என்றால் மூன்று நிலையங்களும் வரும். /பதிவேடு/நிலையம்/@எண் என்றால் அவற்றின் எண் அட்ரிபியூட்டுகள் (டேக்குக்குள்ளேயே பெயரோடு எழுதும் மதிப்புகள், பாதையில் @ போட்டுக் குறிப்போம்). //அளவீடு என்றால் கோப்பில் எந்த ஆழத்தில் இருந்தாலும் சரி, எல்லா அளவீடுகளும். பெரிய கோப்பில் இரட்டைச் சாய்கோடு எல்லா இடத்தையும் துழாவ வேண்டியிருக்கும். பாதை தெரிந்தால் முழுசாக எழுதிவிடுவதுதான் என் பழக்கம்.

இனி வடிகட்டுவது. 50 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்த நிலையங்கள் வேண்டும். பலரும் முதலில் எழுதுவது இது:

//நிலையம்[அளவீடு/@வகை="மழை"][அளவீடு > 50]

படித்தால் சரியாகத்தான் படுகிறது. ஓட்டினால் 4-ஆம் நிலையத்துடன் 9-ஆம் நிலையமும் வந்து நிற்கும். அங்கே மழை வெறும் 8. காரணம் இதுதான்: முதல் அடைப்பு "மழை என்று ஏதாவது ஓர் அளவீடு இருக்கிறதா?" என்று கேட்கிறது, இரண்டாவது "50-ஐத் தாண்டிய ஏதாவது ஓர் அளவீடு இருக்கிறதா?" என்று கேட்கிறது. இரண்டும் ஒரே அளவீடாக இருக்க வேண்டும் என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை. ஈரப்பதம் 78 உள்ளே நுழைந்துவிட்டது. நிபந்தனையை அந்த அளவீட்டின் மேலேயே ஒட்ட வேண்டும்:

//நிலையம்[அளவீடு[@வகை="மழை"] > 50]

இப்போது 4 மட்டும். நிலையம் வேண்டாம், அந்த மழை அளவே போதும் என்றால் அடைப்பை நகர்த்துங்கள்: //அளவீடு[@வகை="மழை"][. > 50]. இங்கே புள்ளி என்பது அந்த அளவீடே. அடைப்புக்கு வெளியே கடைசியாக நிற்கும் பெயர் எதுவோ அதுதான் கையில் கிடைக்கும். உள்ளே இருப்பதெல்லாம் கேள்வி மட்டுமே.

வரிசை எண் போட்டு எடுப்பதிலும் இடம் முக்கியம். //அளவீடு[1] ஒரே ஒரு அளவீட்டைத் தராது. ஒவ்வொரு நிலையத்திலும் முதலாவதைத் தரும், அதாவது 62.5, 8, 29. மொத்தக் கோப்பிலும் முதலாவது வேண்டுமானால் (//அளவீடு)[1]. அப்புறம், அடைப்புகள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். அளவீடு[@வகை="மழை"][1] என்றால் மழை அளவீடுகளில் முதலாவது. அளவீடு[1][@வகை="மழை"] என்றால் முதல் அளவீடு, அதுவும் மழையாக இருந்தால் மட்டும். 12-ஆம் நிலையத்தில் வெப்பம் முன்னால் இருப்பதால் இரண்டாவது வடிவத்தில் அந்த நிலையம் காணாமல் போகும். எண்ணிக்கை 1-இலிருந்துதான் தொடங்கும், 0 போட்டால் எதுவும் வராது.

"இல்லை" என்று கேட்பது இன்னும் வழுக்கும். நிலையம்[@முறை != "தானியங்கி"] என்று கேட்டால் 12 மட்டும் வரும். 9-இல் அந்த அட்ரிபியூட்டே இல்லை. ஒப்பிட ஒன்றுமில்லாதபோது விடை பொய்தான். தானியங்கி அல்லாத எல்லாமும் வேண்டுமென்றால் @முறை = "தானியங்கி" என்று எழுதி, அதை நாட் என்ற ஃபங்ஷனுக்குள் போடுங்கள். (ஃபங்ஷன் பெயரை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.) 9, 12 இரண்டும் வரும். என்னைக் கேட்டால், எக்ஸ்பாத்தில் ஆச்சரியக்குறியும் சமக்குறியும் சேர்ந்த அந்தக் குறியைத் தொடாமலேயே காலம் தள்ளலாம்.

12-இன் மழை அளவீடு காலியாக இருக்கிறது, பார்த்தீர்களா? 1999-இல் வந்த எக்ஸ்பாத் 1.0-இல் காலி இடம் எண்ணாக மாறாது, அதனால் 50-ஐவிடப் பெரியதா என்றாலும் பொய், சிறியதா என்றாலும் பொய். "62.5 மி.மீ." என்று அலகோடு எழுதி வைத்தாலும் இதே கதி. சத்தமே வராது, அந்த வரி விடுபட்டுப் போகும். 2007-இல் வந்த 2.0-இல் இதே ஒப்பீடு பிழை சொல்லி நிற்கும், அது எவ்வளவோ மேல். ஆனால் பிரவுசர்களில் இருப்பது இன்னும் 1.0-தான்.

எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி கோப்புக்குள் எழுதும்போது அட்ரிபியூட்டில் "சிறியது" குறியை நேரடியாகப் போட முடியாது. திருப்பிப் போட்டு [50 > .] என்று எழுதினால் வேலை முடிந்தது.

பாதை, அடைப்பு எல்லாம் சரி, ஆனாலும் ஒன்றுமே வரவில்லையா? கோப்பின் முதல் டேக்கைப் பாருங்கள். அங்கே முன்னொட்டு இல்லாமல் ஒரு நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம்) அறிவித்திருந்தால், முன்னொட்டு இல்லாத வெறும் நிலையம் என்ற பெயர் 1.0-இல் எதிலும் பொருந்தாது. நிரலில் அந்த நேம்ஸ்பேஸுக்கு ஒரு முன்னொட்டைப் பதிவு செய்து, எடுத்துக்காட்டாக வா:நிலையம் என்று, பாதையின் ஒவ்வொரு டேக் பெயரின் முன்னாலும் போடுங்கள். அட்ரிபியூட்டுகளுக்கு அது தேவையில்லை. முன்னொட்டில்லாத அட்ரிபியூட் அந்த நேம்ஸ்பேஸில் சேராது.

பைத்தானில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: அதனோடு வரும் எலிமெண்ட்ட்ரீ நூலகத்துக்கு எக்ஸ்பாத்தில் சிறு பகுதி மட்டுமே தெரியும், > ஒப்பீடு அதில் ஓடாது. மேலே சொன்னதை முயன்று பார்க்க எல்எக்ஸ்எம்எல் நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள்.