குர்லா என்றால் நண்டு: மும்பை புறநகரின் ஊர்ப்பெயர்களைப் படிப்பது எப்படி

2005 ஜூலை 26 அன்று நாங்கள் குர்லா மேற்கில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் வாசற்படியில் நின்றது, ஐந்து மணிக்குக் கட்டிலைத் தொட்டது, இருட்டும்போது கேஸ் சிலிண்டர் மிதந்துகொண்டிருந்தது. மாடி வீட்டு மராத்தி ஆஜிதான் (ஆஜி என்றால் பாட்டி) எங்களை மேலே கூப்பிட்டு உட்கார வைத்து, சோறும் பருப்பும் போட்டார். அன்று ராத்திரி அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "குர்லி இருந்த இடம் இது, தண்ணீர் தன் வீட்டுக்கு வந்திருக்கிறது." குர்லி என்றால் மராத்தியில் நண்டு. குர்லா என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று இங்கே பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். மித்தி ஆற்றங்கரைச் சேற்றில் நண்டு பிடித்த ஊர். பதினாறு வருஷம் அந்தப் பெயரை டிக்கெட்டில் பார்த்தும் எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது.

அந்த 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸில் பெய்தது 944 மி.மீ. தெற்கே கொலாபாவில் சுமார் 73 மி.மீ. மட்டும்தான். ஒரே நகரம், இரண்டு வானம். அதற்கப்புறம் எந்த ஏரியாவில் வீடு பார்க்கப் போனாலும் முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தின் உருவத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெயர்கள் அந்தரத்தில் தொங்கும். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த "ஏழு தீவுகள்" கதை கொலாபா முதல் மாகிம் வரைக்கும்தான். பாந்திராவிலிருந்து தஹிசர் வரைக்கும், குர்லாவிலிருந்து முலுண்ட் வரைக்கும் இருப்பது வேறு ஒரு பெரிய தீவு. அதன் பெயர் சாஷ்டி, போர்த்துகீசியர் வாயில் சால்செட். சமஸ்கிருதத்தில் ஷட்ஷஷ்டி, அதாவது அறுபத்தாறு கிராமங்கள். கோவாவிலும் இதே பொருளில் ஒரு சால்செட் இருக்கிறது. மேற்கே அரபிக்கடல், கிழக்கே தாணே கழி (கழி என்றால் கடல்நீர் நிலத்துக்குள் ஏறும் ஓடை), வடக்கே வசாய் கழி, தெற்கே மாகிம் கழி, நடுவில் இன்றைக்குத் தேசியப் பூங்காவாக இருக்கும் மலை. மழைத் தண்ணீர் அந்த மலையிலிருந்துதான் எல்லாப் பக்கமும் இறங்குகிறது. தஹிசர், போய்சர், ஓஷிவாரா ஆறுகள் மேற்கே போகின்றன. விகார், பொவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் மித்தியாகி, சுமார் 18 கி.மீ. ஓடி மாகிம் கழியில் விழுகிறது. கிழக்கும் மேற்கும் தாழ்வு, நடுவே மேடு. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தீவு வேறு என்பதால் அதன் வரலாறும் வேறு. போர்த்துகீசிய இளவரசியை இங்கிலாந்து அரசருக்கு மணமுடிக்க 1661இல் போட்ட ஒப்பந்தத்தில் பம்பாய் இங்கிலாந்துக்குப் போனபோது சாஷ்டி போர்த்துகீசியரிடமே இருந்தது, 1730களில் மராத்தியர் கைக்கு வந்தது, ஆங்கிலேயர் அதைப் பிடித்தது 1774இல்தான். இரண்டு நிலத்துக்கும் நடுவே எல்லையாக நின்ற ஊர் சயான். நம் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் அங்கே குடியிருந்தும் பெயரைக் கவனித்திருக்க மாட்டோம், மராத்தியில் அது ஷீவ், அதாவது எல்லை.

இங்கிருந்து நேராக ரயில் நிலையத்துக்குப் போங்கள். போர்டில் ஆங்கில வரியை விடுங்கள், மராத்தி வரியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். தேவநாகரி தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், இந்த ஊரில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். பாந்திரா அங்கே வாந்த்ரே. சயான் ஷீவ். பேச்சில் வெர்சோவா வேசாவே ஆகும், டிராம்பே துர்பே ஆகும். ஆங்கில எழுத்தை வைத்துப் பொருள் தேடினால் தப்பான வழியில் போய்விடுவோம், ஏனென்றால் அது போர்த்துகீசியன் காதில் விழுந்ததை ஆங்கிலேயன் எழுதிக்கொண்டது. வாந்த்ரே துறைமுகத்தைக் குறிக்கும் பந்தர் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது இங்கே பரவலாகச் சொல்லும் விளக்கம், கழியின் வாயில் இருக்கும் ஊருக்கு அது பொருந்தவும் செய்கிறது.

அப்புறம் பெயரின் வாலைப் பிடியுங்கள். வால்தான் நிலம் எப்படிப்பட்டது என்று சொல்லும், தலை அங்கே என்ன இருந்தது என்று சொல்லும். வாடி என்றால் தோப்போ சின்னக் குடியிருப்போ. பாடா என்றால் பெரும்பாலும் ஆதிவாசிகளின் குடியிருப்பு, ஆரே காட்டுக்குள் வார்லி மக்களின் பாடாக்கள் இன்னும் இருக்கின்றன. காவ்டாண் என்றால் பழைய கிராம நத்தம், கோளிவாடா மீனவர் குடியிருப்பு. டேக்டி, டோங்க்ரி இரண்டும் மேடு. தலாவ் குளம், காடி கழி, கார் உவர் நிலம். மேற்கு ரயில் பாதையில் கார் ரோடு நிலையத்தில் இறங்கும் எத்தனை பேருக்கு அது மோட்டார் காரோடு சம்பந்தமில்லாத, உப்புப் பூத்த நிலத்தின் பெயர் என்று தெரியும்? அங்கிருந்து கடல் பக்கம் நடந்தால் தாண்டா கோளிவாடா, சேர்த்துச் சொன்னால் கார் தாண்டா. உவர் நிலமும் மீனவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் இந்தக் கடற்கரையின் இயல்பு.

ஒரு வாலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மைத் தொடுகிறது. போரிவலி, காந்திவலி, டோம்பிவலி, விக்ரோலி என்று கொங்கணக் கடற்கரை நெடுக வலி, ஓலி என்று முடியும் ஊர்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. மொழியியலாளர் ஃபிராங்க்ளின் சவுத்வொர்த் இந்த முடிவைத் திராவிடச் சொல்லான பள்ளியோடு சேர்த்துப் பார்க்கிறார், திருச்சிராப்பள்ளியில் இருக்கிற அதே பள்ளி, சிற்றூர் என்ற பொருளில். போர் என்றால் மராத்தியில் இலந்தை. அப்படிப் பார்த்தால் போரிவலி ஓர் இலந்தைப்பள்ளி. அந்தேரி மேற்கில் ஆம்பிவலி என்று ஒரு பழைய கிராமம் உண்டு, ஆம்பா என்றால் மா, அது மாம்பள்ளி. இதைப் படித்த அன்று போரிவலி ஃபாஸ்ட் லோக்கலில் நின்றுகொண்டே ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இங்கேதான் பிரேக் போட வேண்டும். காதுக்குத் தமிழாகக் கேட்பதெல்லாம் தமிழ் ஆகாது. செம்பூர் நல்ல உதாரணம். நாம் செம்மண் ஊர் மாதிரி செம்பூர் என்று எழுதுகிறோம், சேடா நகர் முருகன் கோயிலைத் திருச்செம்பூர் என்று பாசத்தோடு அழைக்கிறோம், எனக்கும் அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். மராத்திக்காரர்கள் சொல்வது வேறு: சிம்போரி என்றால் பெரிய நண்டு, அதிலிருந்து செம்பூர். கழிமுகத்தை ஒட்டிய ஊர், பக்கத்திலேயே குர்லா, இரண்டும் நண்டுப் பெயர் என்பது நிலத்தோடு ஒத்துப்போகிறது. நாம் வைத்த திருச்செம்பூர் நாம் இங்கே வந்து வாழ்ந்ததன் அடையாளம், அதை அப்படியே வைத்துக்கொள்வோம், ஊரின் மூலப்பெயர் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

இதே தப்பை இந்திக்காரர்கள் காட்கோபரில் செய்கிறார்கள். "காட் கே ஊபர்", மலைக்கு மேலே என்று விளக்கம் சொல்வார்கள். சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு பெயரின் துண்டு சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கே வருகிறது என்று பாருங்கள். கழிக்கு அந்தப் பக்கம் கோபர்கைரணே, டோம்பிவலிக்குப் பக்கத்தில் கோபர் என்றே ஒரு ஸ்டேஷன். அங்கெல்லாம் "ஊபர்" ஒட்டாது. மராத்தியில் கோப்ரா என்றால் மூலை. மலைச்சரிவின் மூலை என்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஒரே ஊருக்கு மட்டும் பொருந்தும் விளக்கத்தை நம்பாதீர்கள், நாலு ஊருக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பெயரும் மராத்தி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. சாந்தாக்ரூஸ் போர்த்துகீசில் புனிதச் சிலுவை. பாந்திரா முனையில் 1640இல் கட்டிய கோட்டை அகுவாடா, அதாவது கப்பல்கள் நல்ல தண்ணீர் பிடிக்கும் இடம். கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் நன்னீர் கிடைத்தது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. ஜுஹூவைப் பூவின் பெயர் என்று சொல்வாரும் உண்டு, ஆனால் போர்த்துகீசியர் அதை ஜுவெம் என்று எழுதினார்கள், கொங்கணியில் ஜுவெ என்றால் தண்ணீர் சூழ்ந்த திட்டு. ஜுஹூ உண்மையிலேயே தனித் தீவாகத்தான் இருந்தது. பக்கத்து விலே பார்லேயில் இர்லே, பாட்லே என்ற இரண்டு குக்கிராமங்கள் ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். இர்லா நாலா என்ற கால்வாய் இன்றும் ஓடுகிறது, மழைக்காலத்தில் பொங்குகிறது. நாம் டீயில் நனைத்துச் சாப்பிடும் பார்லே பிஸ்கட்டுக்குப் பெயர் கொடுத்ததும் இந்த ஊர்தான்.

மலைப் பக்கம் இன்னும் பழைய அடுக்கு. கன்னேரி குகைகளின் கல்வெட்டுகளில் அந்த மலையின் பெயர் கண்ஹசேல, கரிய மலை. சமஸ்கிருதத்தில் கிருஷ்ணகிரி. முழுக்க எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை, போய்த் தொட்டுப் பாருங்கள், பெயர் பொய் சொல்லவில்லை என்று தெரியும். கண்ஹ என்ற அதே பிராகிருதச் சொல்தான் நம் வாயில் கண்ணன்.

அடுத்தது ஆவணம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தையோ விற்பனைப் பத்திரத்தையோ எடுத்து, சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் "கிராமம்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கட்டடத்துக்கு எந்த ராயல், கார்டன், ஹைட்ஸ் பெயர் வைத்திருந்தாலும் அந்தக் காகிதத்தில் பழைய கிராமம்தான் இருக்கும். கோரேகாவ் வீட்டுக்குப் பஹாடி கோரேகாவ், செம்பூர் வீட்டுக்கு போர்லா, கலினா வீட்டுக்குக் கோலே கல்யாண், போரிவலி மேற்கு வீட்டுக்கு எக்சர் என்று வரலாம். எக்சர் என்று வந்தால் ஒருநாள் அங்கே போய்விட்டு வாருங்கள், கப்பல்களோடு கடற்போர் செதுக்கிய வீரக்கற்கள் அங்கே இருக்கின்றன, நம்மூர் நடுகல் மாதிரியேதான்.

கிராமப் பெயர் கிடைத்த பிறகு பழைய கெஜட்டியரில், அதாவது ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவர நூலில் தேடுங்கள். இங்கே பலரும் வழி தவறுவது ஓர் இடத்தில்: பம்பாய் நகரத் தொகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவார்கள், கிடைக்காது. புறநகர் தனி மாவட்டமானது 1920இல், அதற்கு முன் தாணேயோடு இருந்தது. அதனால் 1882இல் வந்த தாணா மாவட்டத் தொகுதிகளைத்தான் பார்க்க வேண்டும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நடுவில் நகரத்தோடு சேர்த்து, 1990 அக்டோபர் 1 அன்று மறுபடி பிரித்ததுதான் இன்றைய மும்பை புறநகர் மாவட்டம். குர்லா, அந்தேரி, போரிவலி என்று மூன்று தாலுகா, தலைமையிடம் பாந்திரா.

ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் குழம்ப வேண்டாம். பழைய வரைபடத்தில் வடமேற்கு மூலையில் தாராவி என்று பார்த்து, நம்ம தாராவி எப்படி அங்கே போனது என்று நானே திகைத்திருக்கிறேன். மனோரி, கோராய், உத்தன் சேர்ந்த நிலத்துக்குத்தான் தாராவி பேட் என்று பெயர், பேட் என்றால் தீவு. மார்வேயிலிருந்து படகில் ஐந்து பத்து நிமிஷத்தில் மனோரியில் இறங்கிவிடலாம்.

கடைசி வேலை கால்களுக்கு. காகிதத்தில் படித்ததை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சி ஒவ்வொரு பருவத்துக்கும் முன்கூட்டியே வெளியிடும். அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் நாலாக்களால் கடலுக்குள் தண்ணீரைத் தள்ள முடியாது, பழைய கழி எதுவரைக்கும் இருந்தது என்பதைத் தெருவே கோடு போட்டுக் காட்டும். கார், காடி, தலாவ் என்ற பெயர்களில் இரண்டைப் பகலில் நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடும் தெருவுக்குள் இறங்க வேண்டாம், மேடான இடத்தில் நின்று பார்த்தால் போதும்.

அங்கே பெரியவர் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால், "ஆஜோபா, யா காவாச்ச ஜுன நாவ் காய்?" என்று கேளுங்கள், தாத்தா, இந்த ஊரின் பழைய பெயர் என்ன என்று அர்த்தம். அப்புறம் "பாணி குட்பர்யந்த் யாய்ச்ச?" தண்ணீர் எதுவரைக்கும் வரும்? நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டுவார்கள். எங்கள் ஆஜி மாடியிலிருந்து கை நீட்டிக் காட்டியது எதிர்வீட்டு ஜன்னலின் மேல்விளிம்பை. அடுத்த வாடகை வீட்டை நாங்கள் மூன்றாவது மாடியில் எடுத்தோம்.