வாசல் விளக்குக் கம்பத்தில் செல் ஆன்டெனா வருகிறதா? முதலில் தேதியைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிக் குடியிருப்பவர்களுக்கு இது. வாசலில் நிற்கும் தெருவிளக்குக் கம்பத்தில் திடீரென ஒரு அறிவிப்பு அட்டை கட்டியிருந்தால் ஏதோ விளம்பரம் என்று விட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் விட்டேன், பத்து நாள் போனது.

அட்டையில் விண்ணப்ப எண் இருக்கும். அதை வைத்து சிட்டி ஆபீசில், பெரும்பாலும் பப்ளிக் ஒர்க்ஸ் அல்லது பிளானிங் பிரிவில், முழு விண்ணப்பத்தையும் கேளுங்கள். வரைபடம், ஆன்டெனா வைத்தால் கம்பம் எப்படித் தெரியும் என்று செல் கம்பெனி ஒட்டிக் காட்டும் ஃபோட்டோ, கதிர்வீச்சு அறிக்கை, எல்லாம் பொது ஆவணம்தான், கொடுத்தாக வேண்டும். கூடவே ஊரின் வயர்லெஸ் விதிமுறையையும் இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேல்முறையீட்டுக் கெடு ஊருக்கு ஊர் மாறும், சில இடங்களில் ரொம்பக் குறைவு.

சிட்டிக்கும் கெடு உண்டு. எஃப்.சி.சி. (அமெரிக்க மத்திய தொலைத்தொடர்பு ஆணையம்) 2018-இல் போட்ட உத்தரவுப்படி, ஏற்கெனவே இருக்கும் கம்பத்தில் ஸ்மால் செல், அதாவது இந்த மாதிரிச் சின்ன ஆன்டெனாவும் அதன் பெட்டிகளும், வைக்க 60 நாள், புதுக் கம்பம் நட 90 நாள், அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் கெடு தாண்டினால் அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடக்கூடும். அதனால் "அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்" என்று அங்கே யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

சரி, ஹியரிங்கில், அதாவது விண்ணப்பத்தைப் பற்றி சிட்டி நம் கருத்தைக் கேட்கும் கூட்டத்தில், என்ன பேசுவது? எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். எங்கள் தெருக்காரர் ஒருவர் தனக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தையும் கதிர்வீச்சுக்கே செலவழித்தார், நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார், ஆனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 704-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: எஃப்.சி.சி. வைத்த வரம்புக்குள் கருவி இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டி எந்த ஊரும் மறுக்க முடியாது. சிட்டி கதிர்வீச்சுக்குப் பயந்துதான் மறுத்தது என்று கம்பெனி கோர்ட்டில் காட்ட நம் பேச்சே ஆதாரமாகிவிடும். அந்த வரம்புக்குள் இருப்பதைக் கணக்கு போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

இடம், அளவு, தோற்றம், சத்தம், நடைபாதை, இந்த ஐந்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்மால் செல் என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்: ஆன்டெனா ஒவ்வொன்றும் 3 கன அடி வரை, மற்ற பெட்டிகள் எல்லாம் சேர்த்து 28 கன அடி வரை போகலாம், அதாவது ஒரு பெரிய ஃபிரிட்ஜ். பெட்டியில் ஃபேன் உண்டா, எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். தள்ளுவண்டியும் வீல்சேரும் போக நடைபாதையில் எவ்வளவு அகலம் மிஞ்சும் என்று டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். கம்பெனி காட்டும் ஃபோட்டோ எப்போதும் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, மரத்துக்குப் பின்னால் எடுத்ததாக இருக்கும். நான் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததை நீட்டினேன், கம்பத்தின் தலை நேராகப் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது, அதற்குப் பிறகுதான் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

தோற்றத்தைப் பற்றிப் பேச ஊருக்கு உரிமை உண்டா என்று கம்பெனி வக்கீல் இழுத்தால், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2019-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கில் உண்டு என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் (கலிஃபோர்னியாவும் அடங்கிய மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்), எஃப்.சி.சி.யின் கெடுவையும் ஊர்கள் வாங்கும் கட்டணத்துக்கு அது வைத்த வரம்பையும் அப்படியே விட்டாலும், ஊர்களின் அழகு விதிகள் மீது எஃப்.சி.சி. போட்ட சில கட்டுப்பாடுகளை ரத்து செய்தது.

அப்புறம், "இங்கே வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் தோற்பீர்கள், சேவையையே முடக்குகிற மாதிரி மறுக்க ஊருக்கு அதிகாரம் இல்லை. வேறு கம்பத்தைக் காட்டுங்கள். நாங்கள் தெருவில் நடந்து கம்பம் கம்பமாக எண் குறித்துக்கொண்டு, இரண்டு வீட்டு எல்லைச் சுவருக்கு நேராக, எந்த ஜன்னலும் பார்க்காத ஒன்றைக் கொடுத்தோம். கம்பெனிக்காரர் கொஞ்சம் முனகினார், ஆனால் சிக்னல் அங்கிருந்தும் எட்டும் என்பதால் ஒத்துக்கொண்டார்.

அனுமதி வந்ததும் அதன் நிபந்தனைப் பக்கத்தைப் பிரதி எடுத்து வையுங்கள். வேலை முடிந்த அன்றே வரைபடத்தோடு கம்பத்தடியில் போய் நில்லுங்கள், பெட்டியின் நிறம், உயரம், வயர் வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். எங்களுக்குப் பச்சைக்குப் பதில் வெள்ளைப் பெட்டி மாட்டியிருந்தார்கள், ஒரு ஈமெயிலில் மாற்றிவிட்டார்கள்.