சர்க்கரை, இன்சுலின் பரிசோதனை: யாரும் திட்டாத பிழைகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த பிழைகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். குழாயில் பெயர் மாற்றி ஒட்டினால் மேற்பார்வையாளர் திட்டித் திருத்திவிடுவார். அவர் கண்ணில் படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

சாம்பல் மூடிக் குழாயை நம்பி ரத்தத்தைக் காக்க வைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. குழாய்க்குள் வந்த பிறகும் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். "சாம்பல் மூடிக் குழாயில் அதைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு இருக்கிறதே?" என்பார்கள். ஃபுளோரைடு தடுக்கும் ஈனோலேஸ் நொதி, குளுக்கோஸ் சிதையும் பாதையின் கடைக்கோடியில் இருக்கிறது. முன்கட்டங்கள் அடங்க ஓரிரு மணி நேரமாவது ஆகும். முதல் மணி நேர இழப்பை அது ஏறக்குறையத் தடுப்பதேயில்லை.

வெறும் வயிற்றில் சர்க்கரை 130 மி.கி./டெ.லி. இருந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் 115 அளவுக்கு இறங்கிவிடும். நீரிழிவின் எல்லை 126. நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, முன்னும் பின்னும் ரத்தம் எடுக்கும் பரிசோதனையில் இன்னும் மோசம். ஒரு பையன் மூன்று குழாய்களையும் தாங்கியில் வரிசையாக நிறுத்தி, பிளாஸ்மாவைப் பிரிக்க, கடைசியில் ஒன்றாக இயந்திரத்தில் சுழற்றப் போனான். "ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும் சார்" என்றான். வெறும் வயிற்று மாதிரி கடைசி மாதிரியைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடந்தது. அதன் அளவு மட்டும் அதிகம் இறங்க, சர்க்கரை உண்மையைவிட வேகமாக ஏறியதாகத் தெரியும். எடுத்ததும் பனிக்கட்டி நீரில் வைத்து, 30 நிமிடத்துக்குள் ரத்த அணுக்களிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். சிட்ரேட் கலந்த குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது; அதன் அமிலத்தன்மை முன்கட்ட நொதிகளையே உடனே அடக்கும்.

சிவந்த சீரத்தில் இன்சுலின் பார்ப்பது

கூடாது. சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம், சிவந்திருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது; அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். மறுபடி எடுங்கள்.

கடிகாரம்

குளுக்கோஸ் பரிசோதனையில் நேரத்தை, குடிக்கும் முதல் மிடறிலிருந்து எண்ணுங்கள், கடைசி மிடறிலிருந்து அல்ல.

முந்தைய மூன்று நாள் உணவைக் கேட்காமல் விடுவது

குளுக்கோஸ் பரிசோதனைக்கு முன் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும். அதைக் குறைத்தவருக்கு குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை அளவு பொய்யாக ஏறும்.

பயோட்டின்

"மருந்து ஏதாவது?" என்றால் இல்லை என்பார்கள், முடிக்கென்று விழுங்கும் பயோட்டின் வைட்டமினை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பயோட்டின் பிணைப்பில் இயங்கும் கருவிகளில் இன்சுலின் பொய்யாகக் குறைந்து காட்டும். பெயர் சொல்லியே கேளுங்கள்.

இன்சுலின் ஊசி போடுபவருக்கு இன்சுலின் அளவு

ஊசி இன்சுலினும் சேர்ந்து குழப்பும். உடல் தானாக இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவரும் சி-பெப்டைடு பாருங்கள்.